வலென்சியாவில் மிச்சமிருக்கும் ஒரு நாள்: ஏரியா, மீனவர் பேட்டையா, கிழங்கு வயலா, பழைய நகரமா?

ஸ்பெயினின் வலென்சியா நகரத்துக்கு மூன்று நாள் போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். திமிங்கல எலும்புக்கூடு போல வெள்ளையாக நிற்கும் கலை அறிவியல் நகரம், பட்டு வியாபாரம் நடந்த லோன்ஹா மண்டபம், 1928-இல் திறந்த மத்தியச் சந்தை, பேராலயத்து மிகெலெதே கோபுரத்தின் 207 படிகள். இவற்றை இரண்டு நாளில் பார்த்துவிடலாம். மூன்றாம் நாள் காலையில்தான் குழப்பம் ஆரம்பிக்கும். "எல்லாரும் போகிற இடம் வேண்டாம், வேறு ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் பல காலம் யோசிக்காமலே "அல்புஃபேரா ஏரிக்குப் போங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படிச் சொல்லி அனுப்பிய ஒரு குடும்பம் பிப்ரவரியில் போனது. நான் விவரித்த பச்சைப் பசேல் நெல்வயலும் இல்லை, கண்ணாடி போல வானத்தைக் காட்டும் தண்ணீரும் இல்லை. தண்ணீர் வடிந்து உழவு ஓடிய சேறுதான் கண்ணுக்கெட்டிய தூரம். "சேற்றைப் பார்க்கவா ஸ்பெயின் வரை வந்தோம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இடத்தின் மேல் குற்றம் இல்லை. எந்த மாதம் போகிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அதன்பிறகு இந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்கிறேன். எந்த மாதம்? வாரத்தில் என்ன கிழமை? பதில் வந்தவுடன் பாதி முடிவு தானாகவே வந்துவிடுகிறது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான் ஒப்பிடுவது நான்கு இடங்களை: தெற்கே அல்புஃபேரா ஏரியும் எல் பால்மார் ஊரும், கிழக்கே கடலோரமாக எல் கபன்யால், வடக்கே அல்போராயா, அப்புறம் பழைய நகரத்துக்குள்ளேயே பலர் தாண்டிப் போய்விடுகிற சில வாசல்கள். நான்கையும் ஒரே கேள்விகளால்தான் அளக்கிறேன்.

காலம் முதல் கேள்வி. வயல்களுக்கு மாதம் முக்கியம், நகராட்சி அருங்காட்சியகங்களுக்குக் கிழமை முக்கியம். திங்கட்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும்.

அடுத்தது திரும்பி வரும் வழி. போவதைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். இருட்டிய பிறகு எப்படித் திரும்புவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது, நுழைவுச்சீட்டில் எழுதாத செலவு. இந்த ஊரில் அது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் காத்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

கடைசியாக, நிழலும் நடையும். ஜூலை, ஆகஸ்டில் மதியம் இரண்டு மணி வெயிலில் வயல் வரப்பில் நடப்பது நமக்கே கஷ்டம். கூட வயதான பெற்றோர் இருந்தால் இதையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

## அல்புஃபேராவும் எல் பால்மாரும்

நகரத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் கடலை ஒட்டிய நன்னீர் ஏரி இது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்திட்டு, அதன் மேல் பைன் காடு. அரபியில் 'சிறுகடல்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். 1986-இல் இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். ஏரியைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நெல். ஸ்பெயின் என்றால் ஆலிவ் மரமும் காளைச் சண்டையும் என்று நினைத்து வந்தவர்களுக்கு வரப்பும் மதகும் கொக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகும் வாய்க்கால்களை 'கோலா' என்கிறார்கள். அவற்றில் இருக்கும் மதகுகளை மூடித் திறந்துதான் இந்தப் பிரதேசம் முழுவதன் நீர்மட்டத்தையும் ஆள்கிறார்கள். ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ இப்படி ஓடும்: வசந்தத்தில் வயலில் தண்ணீர் விட்டு மே மாதம் விதைப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பச்சை. செப்டம்பரில் கதிர் முற்றி அறுவடை. நவம்பரில் மதகை மூடித் தண்ணீரை உயர்த்துவார்கள், வயலெல்லாம் மறுபடி ஏரியாகிவிடும். இதற்கு 'பெரெயொனா' என்று பெயர். ஜனவரி வாக்கில் தண்ணீரை வடித்துச் சேற்றுழவு. நான் அனுப்பிய குடும்பம் மாட்டியது இங்கேதான்.

ஆகவே போக நல்ல நேரம் இரண்டு. ஒன்று ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, பச்சைக்காக. இன்னொன்று நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை, தண்ணீருக்காகவும் பறவைக்காகவும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். கொசு குறைவு, வெயில் இல்லை, மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். கோடையில் அதே அஸ்தமனத்துக்கு ஒன்பது, ஒன்பதரை வரை காத்திருக்க வேண்டும். அக்டோபரில் போவதானால் ஒரு எச்சரிக்கை: அறுவடை முடிந்து கிடக்கும் வைக்கோலை எரிப்பதா, தண்ணீரில் அழுகவிடுவதா என்பது இங்கே ஓயாத சண்டை. புகை இல்லாவிட்டால் நாற்றம் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், விளம்பரப் படத்தில் தெரியாது. ஏரித் தண்ணீர் தெளிவாக இருக்காது. எழுபதுகளிலிருந்து கழிவுநீரும் உரமும் கலந்து பாசி பிடித்த பழுப்புப் பச்சை நிறம். ஆழமும் பல இடங்களில் ஒரு மீட்டர்தான். குளிக்கிற ஏரி அல்ல. சாயங்கால வெளிச்சம் விழும்போது மட்டும் இதெல்லாம் மறந்துபோகும்.

எல் பால்மார் ஒரு காலத்தில் ஏரிக்குள் தீவாக இருந்த மீனவர் ஊர். கூர்மையான கூரை வேய்ந்த 'பர்ராக்கா' மண் வீடுகள் ஒன்றிரண்டு இன்னும் இருக்கின்றன. இங்கிருந்து படகுச் சவாரி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், ஆளுக்குச் சில யூரோதான். படகில் போவதற்குச் செலவு குறைவு, செலவெல்லாம் இறங்கிய பிறகு.

ஏனென்றால் இந்த ஊரின் முக்கியத் தெருவில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். பயெயா என்ற அரிசிச் சாப்பாடு இந்தப் பக்கத்தது. கோழி, முயல், பட்டையான பச்சை அவரை, பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ, சில வீடுகளில் நத்தை. கடல் உணவு போட்டது வேறு வகை, 'வலென்சியா பயெயா' என்று அதைச் சொன்னால் உள்ளூர்க்காரர் முகம் சுளிப்பார். அகலச் சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தலுக்கு 'சொக்கர்ராத்' என்று பெயர். அதற்காகச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கவனிக்க வேண்டியவை மூன்று. விலை ஆளுக்கு என்று போட்டிருக்கும், ஆனால் இரண்டு பேருக்குக் குறைந்து செய்யமாட்டார்கள். தனியாகப் போனால் ஏமாற்றம். இரண்டாவது, இது மதியச் சாப்பாடு. இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள். வாரக் கடைசியில் முன்பதிவு இல்லாமல் போனால் நின்றுகொண்டே இருக்கலாம். மூன்றாவது, காய்கறி அரிசி என்று பட்டியலில் இருந்தாலும் அதை எந்தச் சாற்றில் வேகவைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கோழிச் சாறாக இருந்தால் கடைக்காரருக்கு அது பொய் இல்லை, அவர் கணக்கில் கறித் துண்டு இல்லாவிட்டால் அது காய்கறிதான். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பூண்டும் மிளகாய்ப் பொடியும் போட்டு விலாங்குமீனில் செய்யும் 'அல் இ பெப்ரே' குழம்பை ருசி பார்க்கலாம். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட ஏற்றது.

போக்குவரத்துக்கு நகரப் பேருந்து 24, 25. எல் பால்மாருக்குள் போவது 24. பேருந்துகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், மாலையில் இன்னும் அதிகம். அஸ்தமனம் பார்க்க எல்லாரும் கூடும் கோலா தெ புஜோல் படகுத்துறையில் நானும் ஒரு முறை கடைசி வெளிச்சம் வரை நின்றுவிட்டு, முக்கால் மணி நேரம் இருட்டில் சாலையோரம் கொசுவுக்கு விருந்தானேன். டாக்சி கூப்பிட்டால் வரும், ஆனால் பேருந்துக் கட்டணத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகும். நான்கு பேர் சேர்ந்து போனால் போகும்போது பேருந்து, வரும்போது டாக்சி என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

போகிற வழியில் பினேதோ பக்கம் ஒரு அகலமான கால்வாயைப் பேருந்து கடக்கும். பெரும்பாலும் வறண்டு கிடக்கும். அதுதான் துரியா ஆறு. 1957 அக்டோபர் வெள்ளத்தில் நகரம் மூழ்கிய பிறகு ஆற்றையே ஊருக்கு வெளியே தெற்கே திருப்பினார்கள். பழைய ஆற்றுப்படுகைதான் இன்று நீங்கள் நடைபோகிற நீளப் பூங்கா. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் இந்தப் புதுக் கால்வாய் நடு நகரத்தைக் காப்பாற்றியது. அதற்குத் தெற்கே இருந்த பைபோர்தா, கதர்ரோஹா போன்ற ஊர்கள் பெரும் நாசமடைந்தன. அந்த வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடித்துவந்த குப்பையும் சேறும் வந்து சேர்ந்தது இந்த ஏரியில்தான். வலென்சியாக்காரர் யாரிடமாவது ஏரியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும், அதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

இதைத் தேர்ந்தெடுக்கலாம்: சரியான மாதம், குறைந்தது ஆறு மணி நேரம், கூட ஒருவராவது இருந்தால். வேண்டாம்: பிப்ரவரி, மார்ச், தனிப் பயணம், மாலை விமானம் பிடிக்க வேண்டிய நாள்.

## எல் கபன்யால்

கடற்கரைக்குப் போகிறவர்கள் ட்ராமில் இந்தப் பேட்டையைத் தாண்டித்தான் போகிறார்கள், இறங்குவதில்லை. 1837 முதல் 1897 வரை வலென்சியாவோடு சேராத தனி ஊராட்சி இது. மீனவர்களின் பர்ராக்காக் குடிசைகள் கடலுக்கு இணையாக வரிசை வரிசையாக இருந்தன. கூரை வீடுகள் தீக்கு இரையான பிறகு கல் வீடுகள் வந்தன, ஆனால் தெருக்களின் வரிசை மாறவில்லை. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், நகரத்துப் பணக்காரர் வீடுகளைப் பார்த்துத் தங்கள் சிறிய வீட்டு முகப்பிலும் வண்ண ஓடு பதித்தார்கள். பச்சை, நீலம், மஞ்சள், மெருன். பக்கத்து வீட்டைவிட என் வீடு எடுப்பாக இருக்க வேண்டும் என்ற போட்டி இன்றும் சுவரில் தெரிகிறது.

இந்தப் பேட்டை இன்று இருப்பதே ஒரு சண்டையின் விளைவு. நகரத்திலிருந்து கடல் வரை ஒரு பெரிய நிழற்சாலையை நேராக நீட்ட வேண்டும் என்பது மாநகராட்சியின் பழைய ஆசை. 1998-இல் வந்த திட்டப்படி 1,600-க்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்க வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால்தான் இதே பேட்டையைப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்திருந்தார்கள்! குடியிருந்தவர்கள் 'சல்வெம் எல் கபன்யால்' என்று அமைப்பு தொடங்கி ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். மாநகராட்சி வீடுகளை வாங்கி இடித்துக்கொண்டே போனது. 2009-இல் ஸ்பெயின் கலாச்சார அமைச்சகம் தடுத்தது. 2015-இல் நகர ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. இன்று நடக்கும்போது ஓடு பதித்த அழகான வீட்டை ஒட்டிப் பல்லு விழுந்த மாதிரி ஒரு காலிமனை இருந்தால் அது இந்தக் கதையின் மிச்சம். கதை தெரியாமல் போனால் "ஏன் இவ்வளவு பாழடைந்து கிடக்கிறது" என்றுதான் தோன்றும். தெரிந்து போனால் அந்தக் காலிமனைதான் முதலில் கண்ணில் படும்.

கர்ரேர் தெ லா ரெய்னா, பர்ராக்கா, எஸ்கலான்தே என்ற தெருக்களில் வடக்கு தெற்காக ஒரு மணி நேரம் நடந்தால் போதும், வரைபடமே தேவையில்லை. கடலிலிருந்து படகைக் கரைக்கு இழுத்த மாடுகளைக் கட்டியிருந்த 'காசா தெல்ஸ் பௌஸ்' இங்கே இருக்கிறது. ஓவியர் சொரோய்யா வரைந்த, வெயிலில் மாடுகள் படகை இழுக்கும் காட்சியெல்லாம் இந்தக் கரைதான். பழைய அரைவை ஆலை ஒன்றை அரிசி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மரத்தால் ஆன உயரமான இயந்திரம், தோல் பட்டைகள், சல்லடைகள். நெல் மில் வாசனை தெரிந்தவர்களுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது.

இங்கே போக ஒரே சரியான நேரம் காலை. காரணம் 'எஸ்மொர்ஸார்'. காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள், வலென்சியாக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இன்னொரு முழுச் சாப்பாடு. கை நீளத்துக்கு ரொட்டி, அதற்குள் கறியோ மீனோ முட்டையோ. தட்டில் வேர்க்கடலையும் ஆலிவும். கடைசியில் ரம்மைத் தீ மூட்டிச் செய்யும் 'கிரெமாயெத்' காப்பி. வேலைக்குப் போகிறவர்கள் இதற்குப் பிறகு எப்படி வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புதிர். உருளைக்கிழங்கு முட்டை அடை வைத்த ரொட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும், முட்டை சாப்பிடும் சைவர்கள் தப்பித்தார்கள். மதியத்துக்குப் பசிக்காது என்பதால் மொத்தத்தில் இது சிக்கனம்.

மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நடை முடித்துக் கடற்கரைக்கு வந்தவுடன் அங்கே வரிசையாக நிற்கும் கடைகளில் உட்கார்ந்தால் பேட்டைக்குள் கொடுத்ததைப் போல இரண்டு பங்கு ஆகும். அப்புறம், கடற்கரையில் பையை மணலில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். பேட்டையின் சில தெருக்கள் இன்னும் கவனிப்பாரில்லாமல் இருக்கின்றன, பகலில் ஒன்றுமில்லை, இரவில் சுற்றிப் பார்க்க அவசியமும் இல்லை. இன்னொன்று, கதவு திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றும். அது ஒருவர் வீட்டு முன்னறை. கோடை மாலையில் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இதைத் தேர்ந்தெடுக்கலாம்: கையில் அரை நாள்தான், காலையில் கிளம்ப முடியும், மதியம் கடலில் கால் நனைக்க ஆசை. வேண்டாம்: சாயங்காலம் மட்டும்தான் நேரம் என்றால். சந்தையும் இல்லை, எஸ்மொர்ஸாரும் இல்லை, மூடிய கதவுகள்தான்.

## அல்போராயா

நாம் வயலில் களை என்று பிடுங்கி எறியும் கோரைக்கு ஒரு உறவுக்காரச் செடி உண்டு. அதன் கிழங்குக்குச் 'சூஃபா' என்று பெயர். கொண்டைக்கடலை அளவு, சுருங்கிய பழுப்புத் தோல். அதை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து சர்க்கரை சேர்த்தால் ஒர்ச்சாத்தா. பால் துளியும் இல்லை. பாதாம் பாலுக்கும் தேங்காய்ப் பாலுக்கும் நடுவே ஒரு ருசி, அடியில் கொஞ்சம் மண்வாசனை. அதில் முக்கிச் சாப்பிட நீளமான மெத்து ரொட்டி, 'ஃபார்தோன்'.

நகரத்திலேயே ஒர்ச்சாத்தா கிடைக்கும்போது எதற்கு அல்போராயா? கிழங்கு விளைகிற மணற்பாங்கான வயல் ஊரைச் சுற்றியே இருக்கிறது. மெட்ரோ 3-ஆம் தடத்தில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், இறங்கிச் சில நிமிடம் நடந்தால் வயல். அரபுகள் காலத்திலிருந்து தொடரும் வாய்க்கால் பாசனம் இங்கே இன்னும் ஓடுகிறது. இந்த விளைநிலப் பரப்பை 2019-இல் ஐநா உணவு வேளாண்மை அமைப்பு உலக வேளாண் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கிய 'வியா சூர்ரா' வழியே வயல்களுக்கு நடுவே போகலாம்.

உண்மையைச் சொன்னால் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. ஊர் சாதாரண ஊர். வயலும் கோடையில் பார்க்கப் புல்வெளி மாதிரிதான் இருக்கும். அறுவடை நவம்பர் முதல் ஜனவரி வரை, அதற்கு முன் காய்ந்த தாளை எரித்துவிடுவார்கள். செலவு மிகக் குறைவு. பெற்றோர், குழந்தை, சைவம் என்ற மூன்று கவலையும் ஒன்றாக இருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான இடம் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் சர்க்கரை சேர்க்காத வகை இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும், இயல்பான வகை நல்ல இனிப்பு.

## பழைய நகரத்தின் தவறவிடும் வாசல்கள்

பேராலயத்துக்குப் பின்புறச் சதுக்கத்தில் தரையில் ஒரு ஆழமில்லாத கண்ணாடித் தொட்டி. குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள், பெரியவர்கள் தாண்டிப் போவார்கள். அந்தக் கண்ணாடிக்கு அடியில்தான் லால்மோய்னா அகழாய்வு மையம். கி.மு. 138-இல் ரோமானியர்கள் அமைத்த வலென்தியாவின் தெருக்கள் சந்திக்கும் முனை, குளியல் கூடம், பின்னால் வந்த விசிகோத்துகளின் கல்லறை, அரபுக் கோட்டையின் முற்றம், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக. கி.மு. 75-இல் ரோமானியரின் உள்நாட்டுப் போரில் தளபதி பொம்பேயின் படை ஊரை அழித்தபோது வெட்டுண்டு செத்தவர்களின் எலும்புகளும் கிடைத்த இடத்திலேயே காட்டப்படுகின்றன. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கட்டணம் இரண்டு யூரோ அளவில்தான், ஞாயிறு இலவசம், திங்கள் விடுமுறை. ஆகஸ்டு மதியத்தில் இந்த நிலவறைக்குள் இறங்குவது கோயில் கருங்கல் தரையில் கால் வைப்பது போல.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சான் நிகோலாஸ் தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் வாசலே தெரியாது, சந்துக்குள் இருக்கும். உள்ளே கூரை முழுக்க 17-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஓவியர் பலோமினோவின் திட்டப்படி தியோனிஸ் விதால் தீட்டிய சுவரோவியம், ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். கரி படிந்து இருண்டு கிடந்ததைச் சுத்தம் செய்து 2016-இல் திறந்தார்கள். வத்திக்கானின் புகழ்பெற்ற ஓவியக் கூரைச் சிற்றாலயத்தோடு ஒப்பிட்டு 'வலென்சியாவின் சிஸ்டைன்' என்று விளம்பரம். அந்தப் பெயர் அதிகம்தான், ஆனால் கழுத்து வலிக்கப் பார்ப்பீர்கள். லால்மோய்னாவைவிடக் கட்டணம் பல மடங்கு. ரகசிய இடம் என்ற காலமும் மலையேறிவிட்டது, வரிசை நிற்கிறது.

வியாழக்கிழமையாக இருந்தால் பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு வந்துவிடுங்கள். வட்டமாகத் தோல் நாற்காலிகள். கறுப்பு மேலங்கி போட்ட எட்டு விவசாயிகள் வந்து உட்காருவார்கள். துரியாவின் எட்டு வாய்க்கால்களுக்கும் ஆளுக்கு ஒருவர். இதுதான் தண்ணீர் நீதிமன்றம். முறை மாற்றித் தண்ணீர் எடுத்தவன், வாய்க்காலைத் தூர் வாராதவன், பக்கத்து வயலை மூழ்கடித்தவன், எல்லா வழக்கும் இங்கேதான். வக்கீல் இல்லை, விசாரணை முழுக்க வாய்மொழி, தீர்ப்பு அங்கேயே. குற்றம் சாட்டப்பட்டவர் ஆற்றின் ஒரு கரைக்காரர் என்றால் தீர்ப்பை முன்மொழிவது எதிர்க்கரைக்காரர்கள். ஒரு கரைக்காரன் தன் கரைக்காரனுக்கே சலுகை காட்டிவிடக் கூடாது என்று யாரோ எப்போதோ நன்றாக யோசித்திருக்கிறார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

சேவகர் ஒவ்வொரு வாய்க்கால் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். பெரும்பாலான வாரங்களில் யாரும் வரமாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். இதற்காகவா வெயிலில் நின்றோம் என்று முணுமுணுக்கும் பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். வழக்கு வராததுதான் அந்த நீதிமன்றம் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி என்று எனக்குத் தோன்றும். இரண்டு நாள் கழித்து அல்போராயா வாய்க்காலையோ எல் பால்மார் மதகையோ பார்க்கும்போது இந்த எட்டுப் பேர் முகம் ஞாபகத்துக்கு வரும்.

நேரம் மிச்சமிருந்தால் மோன்ஃபோர்தே தோட்டம், இலவசம். வாசலில் இருக்கும் பளிங்குச் சிங்கங்கள் மத்ரித் நாடாளுமன்றத்துக்காகச் செதுக்கப்பட்டவை, அளவு சிறிது என்று அங்கே கழிக்கப்பட்டவை. எனக்கு அந்தச் சிங்கங்கள் மேல் ஒரு பரிவு.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அல்புஃபேரா | கபன்யால் | அல்போராயா | பழைய நகரம் |
|---|---|---|---|---|
| தேவையான நேரம் | 6–8 மணி | 3–4 மணி | 1–2 மணி; சைக்கிளில் அரை நாள் | 3–4 மணி |
| நல்ல காலம் | ஜூன் நடு–செப்டம்பர் தொடக்கம், நவம்பர் கடைசி–ஜனவரி தொடக்கம் | எந்த மாதமும், காலையில் | எந்த மாதமும். கோடை மதியம் தவிர | வியாழன் காலை. கடும் வெயில், மழை நாளும் சரி |
| திரும்பும் வழி | மாலையில் பேருந்து குறைவு | ட்ராம், கவலையில்லை | மெட்ரோ, கவலையில்லை | நடை |
| மறைந்த செலவு | இருவர் பயெயா, டாக்சி | கடற்கரைக் கடைகள் | சைக்கிள் வாடகை | தேவாலயக் கட்டணம் |
| சைவம் | சாற்றைக் கேட்க வேண்டும் | முட்டை அடை | சுலபம் | சுலபம் |
| முதியோர் | படகு சரி, வெயில் கஷ்டம் | சமதளம், சரி | மிகச் சுலபம் | சரி |

மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா நாட்களில் இந்த அட்டவணை செல்லாது. தெருக்கள் மூடிவிடும், பேருந்துகள் வழி மாறும், மாதம் முதல் தேதியிலிருந்தே மதியம் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடிச்சத்தம் காதைப் பிளக்கும். அப்போது போனால் திருவிழாவைப் பாருங்கள், மற்றதை மறந்துவிடுங்கள்.

## என் தேர்வு

மிச்சமிருப்பது ஒரே ஒரு அரை நாள், கிழமையும் மாதமும் உங்கள் கையில் இல்லை என்றால் நான் கபன்யாலைத்தான் சொல்வேன். எந்த மாதத்திலும் கைவிடாத இடம் அது, தோல்வி அடைய வாய்ப்புக் குறைவு.

அது வியாழக்கிழமை என்றால் பதில் மாறும்: பத்து மணிக்கு லால்மோய்னா, பன்னிரண்டுக்கு நீதிமன்றம், பிறகு மெட்ரோ பிடித்து அல்போராயாவில் ஒர்ச்சாத்தா. ஐந்து மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம்.

முழு நாள் கையில் இருந்து, மாதமும் சரியாக இருந்தால் அல்புஃபேராவுக்கு மற்ற மூன்றும் ஈடாகாது. பிப்ரவரி என்றால் என்னை நம்பிப் போக வேண்டாம். ஏறியவுடன் முதல் வேலையாக, எல் பால்மார் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் திரும்பும் பேருந்து அட்டவணையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஏறும்போது எப்படி எடுப்பது? இறங்கியவுடன் எடுங்கள், படகுக்காரரிடம் போவதற்கு முன்னால்.